வேர்டில் எண் ஏன் தாவுகிறது? எண்ணிட்ட பட்டியல், அடிப்படையிலிருந்து

மும்பையில் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் வீட்டுவசதிச் சொசைட்டிகளுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டக் காலம். மார்ச்சில் கணக்கு முடித்து, செப்டம்பர் 30க்குள் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். அதற்கு முழுதாக 14 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். செம்பூரிலோ முலுண்டிலோ மாட்டுங்காவிலோ, கமிட்டியில் ஒரு தமிழர் இருந்துவிட்டால் அந்த நோட்டீஸை டைப் அடிக்கும் வேலை எப்படியோ அவர் தலையில் வந்து விழும். "நீங்கதான் சார் கம்ப்யூட்டர்ல கெட்டி" என்று ஒரு சான்றிதழும் கிடைக்கும். ஆடி மாதம் அம்மன் கோயில் விழாக் குழுவின் நோட்டீஸை அடித்துக் கொடுத்தவரும் பெரும்பாலும் அதே ஆளாகத்தான் இருப்பார்.

அவர் வேர்டைத் திறந்து, கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களை 1, 2, 3 என்று அடிக்கத் தொடங்குகிறார். ஐந்து வரை ஒழுங்காகப் போகிறது. ஆறாவது வர வேண்டிய இடத்தில் மறுபடியும் 1. அந்த 1 மேல் கர்சரை வைத்து அழிக்கலாம் என்றால் கர்சர் அங்கே போகவே மாட்டேன் என்கிறது. பேக்ஸ்பேஸ் தட்டினால் எண் காணாமல் போய், வரி வேறெங்கோ போய் நிற்கிறது. சரி என்று இன்னொரு முறை தட்டினால் மேல் வரியோடு ஒட்டிக்கொள்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. வைரஸ் என்பார்கள், பழைய வெர்ஷன் என்பார்கள், தமிழ் ஃபான்ட் ஒத்துவரவில்லை என்பார்கள். "ஆட்டோ நம்பரிங்கை அணைச்சிட்டுக் கையாலேயே போட்டுடுங்க" என்ற அறிவுரையும் உண்டு. நான்கு வரி நோட்டீஸுக்கு அது நல்ல அறிவுரைதான். நாற்பது தீர்மானம் கொண்ட கோப்புக்கு அது ஆபத்து. ஏன் என்று பார்ப்போம். இங்கே சொல்வது மைக்ரோசாஃப்ட் வேர்டை வைத்துத்தான். கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் பற்றிக் கடைசிப் பக்கமாகத் தொட்டுக்கொள்கிறேன்.

## தட்கல் வரிசையும் தாளில் எழுதிய எண்ணும்

ஊருக்குப் போகத் தட்கல் டிக்கெட் எடுக்க, முன்பதிவு அலுவலகத்தின் வாசலில் விடியற்காலையிலேயே நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒருவருக்கு இரண்டு விதமாக எண் கிடைக்கும். யாராவது முன்கை எடுத்து ஒரு தாளில் வந்தவர்கள் பெயரை எழுதி, "நீங்க ஏழு" என்பார். எழுதியது எழுதியதுதான். நான்காம் ஆள் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பினாலும் தாளில் நீங்கள் 7தான்.

இன்னொன்று, கவுன்ட்டர் முன்னால் உண்மையில் நிற்கும் வரிசை. அங்கே உங்கள் சட்டையில் எண் எதுவும் இல்லை. முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் நீங்கள் ஏழாவது ஆள் என்று தெரியும். ஒருவர் விலகினால் அந்த நொடியே ஆறாவது ஆகிவிடுவீர்கள். யாரும் எதையும் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. நடுவில் ஒருவர் புகுந்தால் எட்டாவது. சண்டையும் வரும், அது வேறு விஷயம்.

நாம் விசைப்பலகையில் 7 என்று தட்டி, ஒரு புள்ளி வைப்பது தாளில் எழுதிய எண். வேர்டின் எண் பட்டனைத் தட்டினால் கிடைப்பது வரிசையில் நிற்பது. அந்த 7ஐ யாரும் எங்கும் எழுதவில்லை. திரையில் காட்டும்போது வேர்டு மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து போடுகிறது. கர்சர் அதன்மேல் போகாததற்கு இதுதான் காரணம். போவதற்கு அங்கே எழுத்தே கிடையாது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கவுன்ட்டர் இருந்தால்? இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் முதல் ஆள் ஒருவர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கூட்டமாகத் தெரியும். ஐந்துக்கு அப்புறம் 1 வந்தது இப்படித்தான். ஆறாவதாக வர வேண்டிய பத்தி அடுத்த கவுன்ட்டர் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. வேர்டு தப்பாக எண்ணவில்லை. நீங்கள் ஒரே பட்டியல் என்று நினைக்கிறீர்கள், அதன் கணக்கில் இரண்டு பட்டியல்.

இதுவரை பார்த்ததில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: எண் தவறாக வந்தால் எண்ணைத் திருத்தப் போகாதீர்கள். அந்தப் பத்தி எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

## வேர்டின் கணக்கில் பத்தி

பள்ளியில் படித்த பத்தி வேறு, வேர்டின் பத்தி வேறு. வேர்டைப் பொறுத்தவரை, ஒரு என்டருக்கும் அடுத்த என்டருக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஒரு பத்தி. அது ஒரே ஒரு சொல்லாக இருக்கலாம், அரைப் பக்கமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாத வெற்று வரியாகவும் இருக்கலாம். எண் பத்திக்குத்தான் கிடைக்கும், வரிக்கு இல்லை.

என்டர் தட்டிய இடத்தில் ஒரு மறைவான குறி உட்கார்ந்திருக்கிறது. ஹோம் பட்டையில் ¶ என்று ஒரு பட்டன் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8 தட்டினாலும் அதே வேலைதான். அதைப் போட்டதும் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ¶ தெரியும். இதைப் பத்திக் குறி என்போம். பத்தியின் குணம் எல்லாம் இதனோடு கட்டப்பட்டிருக்கிறது: உள்தள்ளல், இடைவெளி, எந்தப் பட்டியல் என்ற தகவல் உட்பட. பலர் இந்தக் குறிகளைக் கண்டதும் "ஐயோ, ஃபைல் கெட்டுப்போச்சு" என்று பதறி அணைத்துவிடுகிறார்கள். எண் தொல்லையை ஆராயும்போது இதைப் போட்டுவைப்பதுதான் முதல் வேலை. போடாமல் ஆராய்வது விளக்கை அணைத்துவிட்டு ஃபியூஸ் மாற்றுவது மாதிரி என்றுகூடச் சொல்ல மாட்டேன். விளக்கு இல்லாவிட்டாலும் ஃபியூஸைத் தடவியாவது கண்டுபிடிக்கலாம்.

இந்தக் குறி ஒரு பழைய மர்மத்தையும் தீர்த்துவைக்கும். பத்து பொருள்களில் ஏழாவது எண் மட்டும் தடித்தோ சிவப்பாகவோ தெரியும். அந்த வரியில் எழுத்து ஒன்றுகூடச் சிவப்பாக இருக்காது. எண்ணை மட்டும் பிடித்து நிறம் மாற்றவும் முடியாது. காரணம், எண் தன் தோற்றத்தைத் தன் பத்திக் குறியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. யாரோ அந்த வரியின் கடைசிச் சொல்லைச் சிவப்பாக்கும்போது பத்திக் குறியும் சேர்ந்து சிவந்துவிட்டது. பிறகு சொல்லை மட்டும் கறுப்பாக்கினார்கள், குறி அப்படியே நின்றுவிட்டது. வரியின் கோடியில் இருக்கும் அந்த ¶ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்குங்கள், எண்ணும் கறுத்துவிடும்.

ஒரு பொருளுக்குள்ளேயே புது வரி வேண்டும், ஆனால் புது எண் வேண்டாம் என்றால் என்டர் தட்டக் கூடாது, ஷிஃப்ட்டோடு என்டர் தட்ட வேண்டும். வரி உடையும், பத்தி உடையாது. வங்கிக் கணக்கு விவரம், முகவரி போன்றவற்றுக்கு இது போதும். ஒரு சிக்கல் உண்டு: இரு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைத்த பத்தியில் ஷிஃப்ட் என்டர் தட்டினால், உடைந்த வரியில் சொற்களுக்கு நடுவே அகலமாகச் சந்து விழும். அங்கே இடதுபக்கம் மட்டும் ஒட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருளுக்குக் கீழே எண் இல்லாத முழுப் பத்தியே வேண்டுமா? என்டர் தட்டுங்கள், புது எண் வரும், உடனே பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு. எண் போய்விடும், எழுத்து மேல் வரியின் எழுத்துக்கு நேராகவே நிற்கும். தொடக்கத்தில் சொன்ன ஆள் குழம்பிய அதே பேக்ஸ்பேஸ்தான். முதல் தட்டு பத்தியைப் பட்டியலிலிருந்து வெளியேற்றுகிறது, அடுத்தடுத்த தட்டுகள் அதை இடது ஓரத்துக்கோ மேல் பத்திக்கோ தள்ளுகின்றன. எல்லாப் பொருள்களையும் எண்ணோடு முதலில் அடித்து முடித்துவிட்டு, அப்புறம் வந்து எண் வேண்டாத பத்திகளில் மட்டும் பேக்ஸ்பேஸ் தட்டுவது இன்னும் நல்லது. வரிசை அறுந்துபோக வழியே இருக்காது.

## கோப்பின் வயிற்றுக்குள்

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 2007 வெர்ஷனிலிருந்து வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல சிறு கோப்புகள் தெரியும். வேர்டு என்ற ஃபோல்டரில் டாக்குமென்ட் என்று ஒரு கோப்பு, நம்பரிங் என்று இன்னொன்று. இரண்டும் எக்ஸ்எம்எல், அதாவது மனிதரும் கொஞ்சம் சிரமப்பட்டுப் படித்துவிடக்கூடிய குறிகள் கொண்ட எழுத்துக் கோப்பு.

டாக்குமென்ட் கோப்பில் நீங்கள் அடித்த வாசகம் இருக்கும். "தணிக்கையாளரை நியமித்தல்" என்ற பத்தியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் 3 என்று எங்கும் இருக்காது. "இந்தப் பத்தி இன்ன பட்டியல், இன்ன நிலை" என்ற பொருளில் இரண்டு குறிப்பு மட்டும் இருக்கும். நிலை என்பது பட்டியலுக்குள் எத்தனையாவது அடுக்கு என்பது. முக்கியப் பொருள் முதல் நிலை, அதன் உட்பிரிவு இரண்டாம் நிலை. வேர்டில் ஒரு பட்டியலுக்கு மொத்தம் ஒன்பது நிலைகள் உண்டு. சொசைட்டி வேலைக்கு மூன்றைத் தாண்டினால் படிப்பவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி ஆகிவிடும்.

நம்பரிங் கோப்பில் அந்தப் பட்டியலின் அச்சு இருக்கும்: முதல் நிலைக்கு 1, 2, 3, பின்னால் ஒரு புள்ளி, இத்தனை அங்குலம் உள்ளே, எதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே அச்சில் பல பட்டியல்களை வார்க்கலாம் என்பதுதான் இதில் சூட்சுமம். நீங்கள் "1லிருந்து மறுபடி தொடங்கு" என்று சொன்னால் வேர்டு அதே அச்சில் இன்னொரு பட்டியலை உண்டாக்கி, "இது 1லிருந்து" என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே உள்ள பத்திகளை அதில் சேர்த்துவிடுகிறது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் கண்ணால் பார்த்து எது எந்தப் பட்டியல் என்று சொல்ல முடிவதில்லை.

சுருக்கமாக: வாசகம் ஓரிடம், எண்ணின் அச்சு ஓரிடம், இரண்டையும் இணைப்பது பத்தியிடம் இருக்கும் ஒரு குறிப்பு. எண் கடைசியில்தான் பிறக்கிறது.

## எது எந்தப் பட்டியல் என்று கண்டுபிடிப்பது

கோப்பைப் பிரித்துப் பார்க்காமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். இவ்வளவு உபயோகமான விஷயம் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வியப்புதான். ஏதாவது ஓர் எண்ணின் மேல் மௌஸால் ஒரே ஒரு கிளிக். அதே பட்டியலில் அதே நிலையில் இருக்கும் எல்லா எண்களும் சாம்பல் நிறத்தில் தெரியும். 1 முதல் 5 வரை சாம்பலாகி, அடுத்தது வெள்ளையாகவே நின்றால் அது வேற்றுப் பட்டியல். அது சாம்பலும் ஆகவில்லை, கர்சரும் உள்ளே போகிறது என்றால் யாரோ கையால் அடித்த எண்.

வேற்றுப் பட்டியலைச் சேர்க்க, அந்த எண் மேல் ரைட் கிளிக் செய்து "கன்டின்யூ நம்பரிங்". புதிதாகத் தொடங்க வேண்டுமானால் "ரீஸ்டார்ட் அட் 1". இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் "செட் நம்பரிங் வேல்யூ". கமிட்டிக் கூட்டத் தீர்மானங்களுக்குச் சில சொசைட்டிகளில் வருடம் முழுக்கத் தொடர் எண் போடுவார்கள். போன கூட்டம் 22ல் முடிந்திருந்தால் இந்தக் கூட்டத்துக் கோப்பு 23ல் தொடங்க வேண்டும். அங்கே இது கைகொடுக்கும்.

வேற்றுப் பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் பேஸ்ட் செய்வதிலிருந்து. போன வருட நோட்டீஸிலிருந்து மூன்று வரி எடுத்து ஒட்டினால், அந்த வரிகள் தங்கள் பழைய பட்டியலையும் அச்சையும் கூடவே சுமந்துகொண்டு வரும். வாட்ஸ்அப் வழியாக வந்த வரிகளின் கதை வேறு. அங்கே எண் வெறும் எழுத்தாகத்தான் பயணம் செய்யும். பொருளாளர் தன் வேர்டு கோப்பிலிருந்து காப்பி செய்து குழுவில் போடுகிறார். அந்த நேரத்தில் வரிசை எண்கள் தாள் எண்களாக உறைந்துவிடுகின்றன. நீங்கள் அதை எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டியதும், பாதி உயிருள்ள எண், பாதி உறைந்த எண் என்று ஒரு கலப்படம் உருவாகிறது. "6. 6. லிஃப்ட் பழுது" என்று இரட்டை எண் வருவதும் இப்படித்தான்.

ஒட்டியதும் பக்கத்தில் ஒரு சிறு பேஸ்ட் சின்னம் தோன்றும். பட்டியலை ஒட்டும்போது அதில், ஏற்கெனவே கோப்பில் இருக்கும் பட்டியலோடு சேர்ப்பதா, தனியே விடுவதா என்று கேட்கும் தேர்வுகள் வரும். நான் இதில் கொஞ்சம் முரட்டு ஆள்: "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" தேர்ந்து, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக இறக்கி, உறைந்த எண்களை அழித்துவிட்டு, அப்புறம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எண் பட்டனைத் தட்டுவேன். நளினமான வழி இல்லை. ஆனால் என்ன வந்தது, எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் மிஞ்சாது.

உறைந்த எண்களை ஒவ்வொன்றாக அழிப்பது அலுப்பு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மௌஸை மேலிருந்து கீழே இழுத்தால் செங்குத்தாக ஒரு பட்டை மட்டும் தேர்வாகும். டெலீட் தட்டினால் எண்கள் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். ஒவ்வொரு பொருளும் ஒரே வரியாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். இரண்டாம் வரிக்கு மடங்கிய பொருள் நடுவில் இருந்தால் அந்த வரியின் தலை எழுத்துகளும் சேர்ந்து போய்விடும்.

## உட்பிரிவுகள், அப்புறம் அந்த அ, ஆ, இ

பொருளின் தொடக்கத்தில் கர்சரை வைத்து டேப் தட்டினால் அது ஒரு நிலை உள்ளே போகும். ஷிஃப்ட்டோடு டேப் தட்டினால் வெளியே வரும். வழக்கமாக முதல் நிலை 1, 2. அடுத்தது ஆங்கிலச் சிற்றெழுத்து. அதற்கும் அடுத்தது சிறிய ரோமன் எண். புதுப் பொருள் தொடங்கும்போதெல்லாம் உட்பிரிவின் எண்ணிக்கை தானே முதலிலிருந்து தொடங்கும். அதற்கென்று எதையும் தட்ட வேண்டாம். 1.1, 1.2, 1.2.1 என்று போக வேண்டுமானால் ஹோம் பட்டையில் எண் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது பட்டன், மல்டிலெவல் லிஸ்ட். துணைவிதி மாதிரியான ஆவணங்களுக்கு அதுதான் சரி.

சொசைட்டி நோட்டீஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போய்விடும், அதனால் இதுவரை தொல்லை இல்லை. கோயில் குழுவுக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ தமிழில் அடிக்கும்போதுதான் (அ), (ஆ), (இ) வேண்டும் என்று தோன்றும். எண் வடிவப் பட்டியலைத் திறந்து தேடுவீர்கள். கிடைக்காது. டாக்எக்ஸ் வடிவத்தின் தரநிலையில் எண் வகைகளுக்கு ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இந்தி உயிரெழுத்து, இந்தி மெய்யெழுத்து, இந்தி எண், தாய்லாந்து எழுத்து, ஹீப்ரு எழுத்து எல்லாம் அதில் உண்டு. தமிழ் எழுத்தும் இல்லை, ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்ணும் இல்லை. வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தரநிலையிலாவது தமிழ் எண்ணுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் அ, ஆ, இ கிடையாது. இந்தக் குறை நம் கைப்பிழை இல்லை என்று தெரிந்தால் தேடுகிற நேரமாவது மிச்சம்.

அப்படியானால் என்ன செய்வது? முக்கிய எண்களை வேர்டிடம் விட்டுவிட்டு, (அ), (ஆ) மட்டும் கையால் அடிப்பதுதான் வழி. பேக்ஸ்பேஸ் தட்டி எண்ணை நீக்கிய பத்தியில் (அ) அடித்து, ஒரு டேப், பிறகு வாசகம். மடங்கும் வரி (அ)வுக்கு அடியில் போகாமல் வாசகத்துக்கு நேராக நிற்க கன்ட்ரோல் டி (T) தட்டுங்கள். இதைத் தொங்கும் உள்தள்ளல் என்பார்கள்: முதல் வரி வெளியே, மற்ற வரிகள் உள்ளே. ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டி நேராக்காதீர்கள். உங்கள் திரையில் நேராக இருப்பது, வேறு ஃபான்ட் இருக்கும் ஜெராக்ஸ் கடைக் கணினியில் கோணலாகிவிடும்.

உள்தள்ளல் பற்றி இன்னும் ஒரு வரி. 9 வரை நேராக நின்ற வாசகம் (10) வந்ததும் சற்று வலப்புறம் தாவினால், எண்ணுக்கு ஒதுக்கிய அகலம் போதவில்லை என்று பொருள். எண் மேல் ரைட் கிளிக், "அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ்", வாசகம் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

## "பொருள் 6இல் சொன்னபடி"

உண்மையான ஆபத்து இங்கேதான். மேலே சொன்னதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. இது அர்த்தம் சம்பந்தப்பட்டது.

நோட்டீஸின் ஒன்பதாவது பொருளில், "பொருள் 6இல் கூறியுள்ள மதிப்பீட்டின்படி ஒவ்வொரு ஃபிளாட்டும் செலுத்த வேண்டிய தொகை" என்று அடித்திருக்கிறீர்கள். பொருள் 6 கட்டடத்தின் மழைநீர்க் கசிவுப் பழுது. நோட்டீஸ் போகும் நேரத்தில் தலைவர் வந்து, மூன்றாவதாக ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்ததும் பட்டியல் தானே நகர்ந்து, கசிவுப் பழுது 7 ஆகிவிட்டது. பட்டியல் எண்கள் எல்லாம் சுத்தம். ஆனால் வாசகத்துக்குள் இருக்கும் "பொருள் 6" நீங்கள் விசையைத் தட்டி எழுதியது. அது 6ஆகவே நிற்கும். இப்போது பொருள் 6 பார்க்கிங்! பார்க்கிங் மதிப்பீட்டின்படி எல்லோரும் பணம் கட்ட வேண்டும் என்று ஆகிறது. கார் இல்லாத வீட்டுக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் யார் பதில் சொல்வது?

இதற்கு வேர்டில் இருக்கும் ஏற்பாட்டின் பெயர் கிராஸ் ரெஃபரன்ஸ். ரெஃபரன்சஸ் பட்டையில் இருக்கும். வகையில் "நம்பர்டு ஐட்டம்" தேர்ந்தால் கோப்பில் இருக்கும் எண்ணிட்ட பத்திகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். கசிவுப் பழுதைத் தேர்ந்து, "பாராகிராஃப் நம்பர்" என்று சொல்லிச் செருகினால், கர்சர் இருந்த இடத்தில் 6 வந்து நிற்கும். இந்த 6 எழுத்து இல்லை. ஃபீல்டு, அதாவது இன்னோர் இடத்தைப் பார்த்து வேர்டு நிரப்பும் ஒரு வெற்றிடம். அதன்மேல் கிளிக் செய்தால் சாம்பல் நிறம் காட்டும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆனால் பட்டியல் எண் மாதிரி இது நொடிக்கு நொடி தானே மாறாது. மாற்றச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ஏ தட்டி முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் எல்லா ஃபீல்டுகளும் புதுப்பிக்கப்படும். பிரின்ட் எடுப்பதற்கு முன்னால், பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்னால் இது கை வழக்கமாக வேண்டும். குறிப்பிட்ட பொருளையே யாரோ நீக்கியிருந்தால், எஃப்9 தட்டியதும் அந்த இடத்தில் "எரர்!" என்று தொடங்கும் தடித்த ஆங்கில வாசகம் ஒன்று வந்து நிற்கும். பலருக்கு அதைக் கண்டால் எரிச்சல். எனக்கு அது பிடிக்கும். தப்பான எண் அமைதியாக நோட்டீஸ் பலகைக்குப் போவதைவிடத் திரையில் கத்துவது எவ்வளவோ மேல்.

கையால் எண் போடுவது ஏன் நாற்பது தீர்மானத்துக்கு ஆபத்து என்ற கேள்விக்கும் விடை இதுதான். கையால் போட்ட எண்ணை கிராஸ் ரெஃபரன்ஸ் பார்க்காது. அதன் பட்டியலில் அந்தப் பத்தியே வராது. ஒரு பொருள் நடுவில் புகுந்தால் கீழே உள்ள எல்லா எண்ணையும், வாசகத்துக்குள் புதைந்திருக்கும் எல்லாக் குறிப்பையும் நீங்களே தேடித் திருத்த வேண்டும்.

## நீண்ட கோப்புக்கு ஸ்டைல்

அச்சை ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகக் கட்டாமல் ஒரு பெயரோடு கட்டிவைக்கலாம். அந்தப் பெயர்தான் ஸ்டைல்: ஃபான்ட், இடைவெளி, எண் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. மல்டிலெவல் லிஸ்ட்டில் "ஹெட்டிங் 1", "ஹெட்டிங் 2" என்ற பெயர்களோடு வரும் வகையைத் தேர்ந்தால் தலைப்புகளும் எண்களும் பிணைந்துவிடும். இருபது பக்கத்துக்கு மேல் போகும் கோப்பில் இதைச் செய்யாமல் இருப்பது வீண் பிடிவாதம். நோட்டீஸுக்கு இது தேவையே இல்லை, அதனால் இங்கே விரிக்கவில்லை.

## கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ்

இரண்டிலும் அடிப்படை இதேதான்: எண் பத்தியின் குணம், எழுத்து இல்லை. கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல் ஷிஃப்ட் 7 தட்டினால் எண் பட்டியல் தொடங்கும். ஃபார்மட் மெனுவில் "புல்லட்ஸ் அண்ட் நம்பரிங்" போய் எண்ணை மறுபடி தொடங்கவோ தொடரவோ சொல்லலாம். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் பட்டியலுக்குள்ளேயே "எண் இல்லாத பத்தி" என்று தனி வகை உண்டு. வேர்டில் நாம் பேக்ஸ்பேஸ் தட்டிச் செய்வதை அது நேராகவே செய்கிறது. ஒரே கோப்பை மூவர் மூன்று மென்பொருளில் மாற்றி மாற்றித் திறந்தால் பட்டியலும் உள்தள்ளலும் குழம்ப வாய்ப்பு அதிகம். கமிட்டியில் எல்லோரும் கருத்து சொல்லட்டும், கோப்பைத் திருத்துவது ஒரே கணினியில் நடக்கட்டும்.

## எப்போது கையாலேயே போடலாம்

தண்ணீர் வராது, மதியம் 2 முதல் 5 வரை, டேங்க் கழுவுகிறார்கள், பக்கெட்டில் பிடித்து வையுங்கள். இதற்கு நான்கு எண். கையால் அடியுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 1 அடித்துப் புள்ளி வைத்து ஸ்பேஸ் தட்டியதும் வேர்டு தானே பட்டியலாக மாற்றிவிடும். பிடிக்கவில்லை என்றால் உடனே கன்ட்ரோல் இசட் ஒரு முறை. நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும், வேர்டு செய்த மாற்றம் மட்டும் போய்விடும். நிரந்தரமாக அணைக்க வேண்டுமானால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், "ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்" என்று போனால் "ஆட்டோமேட்டிக் நம்பர்டு லிஸ்ட்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஹோம் பட்டையில் இருக்கும் எண் பட்டன் அப்போதும் வேலை செய்யும். பொதுக்கூட்ட நோட்டீஸ் அடிக்கும் நாளில் அதைத் தட்டிக்கொள்ளலாம்.